ஊதுபத்திக் குச்சி பிறக்கும் ஊர்: ஹனோயைச் சுற்றிய கைத்தொழில் கிராமங்கள்

ஜனவரி 8, 2025, புதன். ஹனோய்

வந்து இறங்கிப் பிற்பகல் ஆகியும் சூரியன் கண்ணில் படவில்லை. குளிர்காலத்து மூடுபனி என்று அம்மா சொன்னார். விடுதி வரவேற்பறையில் இருந்த பையன் தலையசைத்து மறுத்துவிட்டுக் கைப்பேசியில் காற்றின் தரத்தைக் காட்டினான். போன வாரம், ஜனவரி 3 அன்று, காற்றுத்தரப் பட்டியல் ஒன்றில் உலகின் பெருநகரங்களிலேயே மிக மோசமான காற்று ஹனோயினுடையது என்று வந்ததாம். மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு முகக்கவசங்களை எடுத்துக் கொடுத்தான். காசு வேண்டாம் என்று கையை விரித்தான்.

பழைய நகரத்தின் தெருக்களில் ஸ்கூட்டர்கள் சிவப்பு விளக்குக்கு முன்னால் அசையாமல் நின்றன. வியட்நாம் போக்குவரத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டதற்கு இது நேர்மாறாக இருந்தது. காரணம் பிறகு தெரிந்தது. இந்தப் புத்தாண்டு முதல் அபராதம் பல மடங்கு ஏறியிருக்கிறது. ஸ்கூட்டரில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் 40 லட்சம் முதல் 60 லட்சம் டோங் வரை. ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டோங் என்று வைத்துக்கொண்டால் குறைந்தது 13,000 ரூபாய். முன்பு 10 லட்சத்தைத் தாண்டாது. விளக்கு பச்சையானாலும் ஒரு கணம் தயங்கித்தான் கிளம்புகிறார்கள்.

அம்மா சைவம். மீன் சாறு சேராத சாப்பாடு கிடைப்பது கடினம் என்று பயந்துகொண்டே வந்தோம். விடுதிக்கு அடுத்த சந்தில் புத்த முறைச் சைவ உணவகம் ஒன்று இருந்தது. தக்காளியில் வெந்த டோஃபு, பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை, சோறு. ஒருவருக்கு 45,000 டோங். அந்தக் கீரையை அம்மா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். ஊரில் குளத்தோரம் பறித்த கீரையை இந்தக் குளிரில் சுடச்சுடச் சாப்பிடுவேன் என்று நினைக்கவே இல்லை என்றார்.

ஜனவரி 9, வியாழன். சுவோங்

இன்று ஹனோயின் தெற்கே இருக்கும் கிராமங்களுக்கு வழிகாட்டியுடன் ஒரு நாள் பயணம். ஆளுக்கு 12 லட்சம் டோங், மதிய உணவு உட்பட. இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. கூம்புத் தொப்பி செய்யும் சுவோங் கிராமத்தில் சந்தை கூடுவது சந்திர மாதத்தின் 4, 10, 14, 20, 24, 30 ஆகிய தேதிகளில் மட்டும். இன்று பன்னிரண்டாம் மாதத்தின் பத்தாம் நாள். சந்தை இருட்டிலேயே தொடங்கிக் காலை எட்டு மணிக்குள் முடிந்துவிடும்.

ஐந்தரைக்கு வருவதாகச் சொன்ன வேன் ஆறேகாலுக்கு வந்தது. மற்ற பயணிகளை விடுதி விடுதியாக ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்ததாம். சந்தை நேரத்தைச் சொல்லித்தான் அந்த நிறுவனம் பணம் வாங்கியிருந்தது. பிறகு ஒவ்வொரு சிக்னலிலும் நீண்ட வரிசை. சுவோங் போய்ச் சேர்ந்தபோது பாதிச் சந்தை கலைந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. வழிகாட்டியாக வந்த இளம்பெண் அதைப் புரிந்துகொண்டு, மழுப்பாமல் மன்னிப்புக் கேட்டாள். வேனை ஏற்பாடு செய்வது அவள் அல்ல, அலுவலகம் என்பதும் எனக்குத் தெரியும்.

மீதியிருந்த சந்தையே போதுமானதாக இருந்தது என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய வெள்ளைத் தொப்பிகளை ஆள் உயரத்துக்குக் கட்டி ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விற்பவர்களும் வாங்குபவர்களும் பெரும்பாலும் பெண்கள். தொப்பி மட்டுமல்லாமல் அதற்கு வேண்டிய எல்லாமே இங்கே விற்பனைக்கு வருகிறது. கட்டுக்கட்டாக ஓலை, சீவிய மூங்கில் வளையங்கள், மூங்கிலின் உறைமடல்கள், தைக்கும் நைலான் இழை. ஒரு வீட்டில் வளையம் மட்டும் செய்வார்கள், இன்னொரு வீட்டில் தையல் மட்டும். தொப்பி முழுமையாவதற்குள் பல வீட்டு வாசல்களைத் தாண்டிவிடுகிறது.

மொத்த வியாபாரி ஒருவர் தொப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தார். தையல் சீராக இருக்கிறதா, ஓலையில் பழுப்பு இருக்கிறதா என்று பார்க்கிறாராம். கையில் எடுத்த மூன்றில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். தைத்த பெண் ஒன்றும் பேசாமல் அதைத் தன் அடுக்கின் அடியில் வைத்துக்கொண்டாள்.

சந்தையை நழுவவிட்டதற்கு ஈடாகவோ என்னவோ, வழிகாட்டி தனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு எங்களை அழைத்துப் போனாள். எழுபதைத் தாண்டிய பாட்டி, அவருடைய மருமகள், தரையில் ஒரு நிலக்கரி அடுப்பு. அடுப்பின் மேல் சூடேறிய இரும்புத் தகடு. முன்பெல்லாம் கலப்பைக் கொழுவைத்தான் இப்படிச் சுட வைப்பார்களாம். மத்திய வியட்நாமின் காடுகளிலிருந்து வரும் ஒரு பனை வகையின் ஓலையை நாள்கணக்கில் வெயிலில் காய வைத்துப் பச்சை போக்கி வெளுக்க வைக்கிறார்கள். சுருண்டு கிடக்கும் அந்த ஓலையைச் சூட்டுத் தகட்டில் வைத்துத் துணிப் பந்தால் அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தார் மருமகள். சுருக்கம் போய் ரிப்பன் போல நீண்டது. சூடு கூடினால் ஓலை கருகிவிடும், குறைந்தால் மறுபடி சுருண்டுகொள்ளும்.

பிறகு கூம்புச் சட்டத்தில் பதினாறு வளையங்கள், அவற்றின் மேல் ஓலை, நடுவில் மூங்கில் மடல், மறுபடி ஓலை. நடு அடுக்குதான் மழையையும் வெயிலையும் தாங்குகிறது. பாட்டி உச்சியிலிருந்து விளிம்பு வரை வளையம் வளையமாகத் தைத்துக்கொண்டு வந்தார். முடிச்சு எதுவும் வெளியே தெரியக் கூடாது. அம்மா பக்கத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பாட்டி ஊசியை நீட்டினார். அம்மாவும் கூச்சப்படாமல் வாங்கி நாலைந்து தையல் போட்டார். பாட்டி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இரண்டைப் பிரித்தார், மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டார். அம்மாவுக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி.

நல்ல தொப்பி என்றால் ஒரு நாளைக்கு இரண்டுதான் முடியும் என்றார் பாட்டி. நாங்கள் ஒன்று 60,000 டோங் கொடுத்து வாங்கினோம். நம் பணத்தில் 200 ரூபாய். பேரம் பேச வேண்டாம் என்று அம்மா முதலிலேயே என்னிடம் சொல்லிவிட்டார்.

அதே நாள். குவாங் ஃபூ கௌ

ஊதுபத்திக் குச்சி செய்யும் இந்த ஊரின் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். செக்கச்சிவந்த குச்சிக் கட்டுகள் விரித்து வைத்த பூக்களாகக் களம் முழுக்க நிற்க, நடுவில் கூம்புத் தொப்பியுடன் ஒரு பெண். படத்தில் இருப்பது உண்மை. அந்தக் களங்களில் சில, படம் எடுக்க வருகிறவர்களுக்காகவே அடுக்கி வைத்தவை. நுழைய ஆளுக்கு 50,000 டோங். குச்சிகளால் வியட்நாம் வரைபடமும் மஞ்சள் நட்சத்திரம் பதித்த கொடியும் அமைத்திருக்கிறார்கள். மேலே ஏறி நின்று படம் எடுக்க ஏணியும் உண்டு. இந்தக் கட்டணத்தைச் சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. வேலை நடக்கும் முற்றத்தில் ஆளாளுக்குப் புகுந்து கட்டுகளைக் கலைத்துவிட்டுப் போவதைவிட இது எவ்வளவோ மேல். அந்த 50,000 ஊருக்குள்தான் தங்குகிறது.

வழிகாட்டி கொடுத்த நேரத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. குச்சி எங்கே சீவுகிறார்கள் என்று நான் கேட்டேன். தயங்கித்தான் அழைத்துப் போனாள். ஏன் தயங்கினாள் என்று போனதும் புரிந்தது. தகரக் கொட்டகை. காது அடைக்கும் இரைச்சலுடன் இயந்திரம் மூங்கில் பட்டைகளைக் கடித்து இழுத்து மறுபக்கம் மெல்லிய குச்சிகளாகத் துப்பியது. முன்பு முழுக்கக் கையால் சீவிய வேலை, நூறாண்டுக்கு மேலாக இந்த ஊரின் பிழைப்பு. இப்போது இயந்திரம் வந்து வேகம் கூடியிருக்கிறது, கூடவே தூசியும். கொட்டகையின் ஒவ்வொரு விளிம்பிலும் மூங்கில் தூள் அப்பியிருந்தது. ஒரு பெண் குச்சிகளை அள்ளித் தரையில் தட்டி நீளம் பார்த்து, முறிந்தவற்றைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். துணியால் மூக்கைக் கட்டியிருந்தாள், கைகளில் உறை இல்லை. விரல் நுனிகளில் சிராய்த்த கோடுகள்.

அடுத்த வீட்டில் சாயத் தொட்டி. கட்டின் அடிப்பகுதியை மட்டும் சிவப்பில் முக்கி எடுத்து, நடுவில் கட்டிய அந்தக் கட்டை உதறி வட்டமாக விரித்து நிறுத்துகிறார்கள். காற்று உள்ளே போவதற்காகத்தான் அந்தப் பூ வடிவம். மழைக்காலத்தில் இந்த வேலை நின்றுபோகும். டெட் என்னும் வியட்நாமின் சந்திரப் புத்தாண்டுக்கு இன்னும் மூன்று வாரமே இருப்பதால் இப்போது ஊரே விடியலிலிருந்து இருட்டு வரை ஓடுகிறது. வெயில் இல்லாத இன்றைய வானத்தைப் பற்றி எல்லாரும் புலம்பினார்கள்.

நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்ததும் சாயத் தொட்டிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து வழிகாட்டியிடம் நீளமாகப் பேசினார். அவருடைய குச்சி முழுக்க முன்பு இந்தியாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்ததாம். இந்தக் கதையின் மறுபக்கம் எனக்கு ஓரளவு தெரியும். ஊதுபத்திக்கான மூங்கில் குச்சியும், பிறகு மாவு பூசிய மணமற்ற கச்சாப் பத்தியும் வியட்நாமிலிருந்து இந்தியாவுக்குக் குவியத் தொடங்கின. நம் ஊரில் வாசனை தோய்த்து உறையில் போட்டால் முடிந்தது. வீட்டுத் திண்ணையில் பத்தி உருட்டிப் பிழைத்த நம் பெண்களின் வேலை போகிறது என்ற குரல் எழுந்தது. 2019 ஆகஸ்ட் 31 அன்று ஊதுபத்தி இறக்குமதியை இந்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஜூனில் மூங்கில் குச்சிக்கான இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக ஏறியது.

டெல்லியில் போட்ட அந்தக் கையெழுத்து இந்த முற்றத்துக்கு எப்படி வந்தது என்பதை அவர் சொல்லித்தான் கேட்டேன். ஒரு வாரத்தில் ஆர்டர்கள் நின்றன. சீவிய குச்சி படுக்கையறை வரை அடுக்கிக் கிடந்தது. கடனுக்கு வாங்கிய இயந்திரம் ஓடாமல் நின்றது. இப்போது உள்நாட்டுக்கும் வேறு நாடுகளுக்கும் விற்கிறார், முன்பிருந்த அளவு இல்லை. குரலில் எங்கள்மேல் கோபம் எதுவும் இல்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் இதையெல்லாம் சொன்னார்.

அந்த உத்தரவு தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கர்நாடகத்தில் ஆயிரம் பத்தி உருட்டிச் சில்லறைக் கூலி வாங்கும் பெண்ணையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே விரல் சிராய்த்து நிற்கும் பெண்ணின் முன்னால் அது சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டு பக்கமும் கூலி குறைவு, இரண்டு பக்கமும் பெண்கள், இடையில் விலை வைக்கிறவர்கள் வேறு யாரோ. தினமும் காலையில் விளக்கேற்றிப் பத்தி கொளுத்தும் அம்மா அந்தச் சிவப்புக் குச்சி ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எரிந்து முடிந்ததும் மிச்சக் குச்சியைப் பெருக்கிக் கொட்டுவதோடு சரி. அதை ஒருத்தி உட்கார்ந்து எண்ணி வைக்கிறாள் என்று தெரியவே தெரியாது" என்றார்.

என் கருத்து இதுதான். பயணம் நடத்துகிறவர்கள் இந்தக் கொட்டகையை ஒளிக்க வேண்டியதில்லை. ஏணி மேல் அரை மணி நேரம் நிற்க வைப்பவர்கள் கொட்டகை வாசலில் பத்து நிமிடமாவது நிற்க வைக்கலாம். இரைச்சலும் தூசியும் இல்லாமல் அந்தச் சிவப்பு இல்லை.

அதே நாள். ஹா தாய்

மதிய உணவு சாலையோரக் குடும்ப உணவகத்தில். எனக்கு வறுத்த மீனும் புளிப்புச் சூப்பும். அம்மாவுக்காகச் சமையலறைப் பெண் கடாயைக் கழுவிவிட்டு முட்டைக்கோஸ் தனியாக வதக்கினாள், மீன் சாறு புட்டியைத் தூக்கிக் காட்டி, ஊற்றவில்லை என்று சைகையும் செய்தாள்.

ஹா தாய் அரக்குப் பூச்சு வேலைக்குப் பெயர் போன ஊர். பயணத் திட்டத்தில் "பட்டறை" என்று போட்டிருந்த இடம் பெரிய விற்பனைக்கூடம். அங்கே முக்கால் மணி நேரம், பின்னால் இருந்த பட்டறையில் பத்து நிமிடம். வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை என்றாலும், 12 லட்சம் வாங்கிக்கொண்டு கடையில் நிறுத்துவது நியாயமில்லை என்று வழிகாட்டியிடம் சொன்னேன். எழுதிக் கொடுங்கள், அலுவலகத்தில் சேர்க்கிறேன் என்றாள். எழுதியும் கொடுத்தேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் பார்த்தது மறக்காது. இந்த அரக்கு ஒரு மரத்தின் பால். பூசிய பலகையை வெயிலில் வைத்தால் சரியாக இறுகாது, ஈரப்பதமான அலமாரிக்குள் வைக்க வேண்டும். காற்றில் இருக்கும் ஈரம்தான் அதைக் கெட்டியாக்குகிறது. ஒரு பூச்சு, பிறகு தண்ணீர் விட்டுத் தேய்ப்பு, மறுபடி பூச்சு. வாத்து முட்டை ஓட்டை நொறுக்கி ஒவ்வொரு சில்லாக ஒட்டி வெள்ளை நிறம் கொண்டுவருகிறார்கள். பச்சைப் பால் பட்டால் தோல் தடித்து அரிக்கும் என்று தொழிலாளி தன் முழங்கையைக் காட்டினார். சேராங்கொட்டையும் இந்த மரமும் ஒரே குடும்பம், அதனால் அம்மாவுக்கு விளக்கவே தேவைப்படவில்லை. "பால் பட்டுவிட்டதா?" என்று தமிழிலேயே அவரிடம் கேட்டார்.

விடுதி திரும்ப இரவு எட்டானது. திரும்பி வரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல். கால் வலியில் அம்மா சாப்பிடாமலே தூங்கிவிட்டார்.

ஜனவரி 10, வெள்ளி. பாட் ட்ராங்

இன்று வேனும் வழிகாட்டியும் வேண்டாம் என்று முடிவு செய்து, லாங் பியென் நிறுத்தத்தில் 47ஏ பஸ் பிடித்தோம். பத்தாயிரம் டோங்கைத் தாண்டாத டிக்கெட். அம்மா ஏறியதும் பள்ளிச் சீருடைப் பையன் ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான். நடத்துநர் எங்களைக் கடைசி நிறுத்தம் வரை நினைவில் வைத்திருந்து, இறங்கும் இடத்தில் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

பாட் ட்ராங் செவ்வாற்றின் கரையில் இருக்கும் மண்பாண்ட ஊர், பல நூற்றாண்டுப் பழமை. சந்தை வாசலில் இறங்கினால் மலைமலையாகக் கோப்பைகள். ஆற்றோரத்துப் பழைய சந்துகளுக்குள் நடக்க வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம். முன்பு நிலக்கரித் தூளைக் களிமண்ணோடு பிசைந்து இந்தச் சுவர்களில் வறட்டி தட்டுவது போலத் தட்டிக் காய வைப்பார்களாம், சூளைக்கு விறகுக்குப் பதிலாக. இப்போது பெரும்பாலும் எரிவாயுச் சூளை. புகை போனதில் ஊர்க்காரர்களுக்கு நிம்மதி என்று தேநீர்க் கடைக்காரர் மொழிபெயர்ப்புச் செயலி வழியாகச் சொன்னார். சுவரில் பழைய கரிவட்டங்களின் கறை மட்டும் சில இடங்களில் தெரிகிறது.

ஒரு வீட்டின் திறந்த வாசலில் மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெள்ளைக் கிண்ணங்களில் நீலக் கோடு வரைந்துகொண்டிருந்தார்கள். தட்டைச் சுற்றவிட்டுத் தூரிகையை அசைக்காமல் வைத்திருந்தால் கோடு தானாக வட்டம் போட்டது. எவரும் எங்களை உள்ளே வா என்றோ போ என்றோ சொல்லவில்லை. நின்று பார்க்க இடம்விட்டு நகர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். நேற்றைய முக்கால் மணி நேரத்தைவிட இந்த வாசலில் நின்றது எனக்குப் பெரியது.

இந்த ஊரின் விருந்துச் சாப்பாடு மூங்கில் குருத்தும் காய்ந்த கணவாயும் நார் நாராகக் கிழித்துப் போட்ட சூப். குடித்ததும் குளிர் விட்டது. அம்மா மூங்கில் குருத்து மட்டும் வதக்கித் தரச் சொல்லிப் பார்த்தார், கிடைக்கவில்லை. வாழைப்பழத்தோடு முடித்துக்கொண்டார். மெருகில் நுண்ணிய விரிசல் ஓடும் தேநீர்க் கோப்பை நான்கு, 1,60,000 டோங். கடைக்காரர் பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றினார். ஒன்று பஸ்ஸிலேயே உடைந்தது.

ஜனவரி 11, சனி. டோங் ஹோ

வியாழக்கிழமை வந்த அதே பெண்ணைத் தனியாக அழைத்து, வாடகைக் காரில் பாக் நின் மாகாணத்து டோங் ஹோவுக்குப் போனோம். மரக்கட்டையில் செதுக்கி அச்சிடும் படங்களின் ஊர். டெட் புத்தாண்டுக்கு வீட்டுச் சுவரில் புதுப் படம் ஒட்டுவது வட வியட்நாமின் பழைய வழக்கம். குஞ்சுகளோடு கோழி, வயிற்றில் சுழி போட்ட பன்றி, பூனைக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு ஊர்வலம் போகும் எலிக் கல்யாணம்.

அச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர் தாளைக் கையில் கொடுத்தார். மரப்பட்டைக் கூழில் செய்த தாள், மேலே சிப்பியோட்டுத் தூளைப் பசையில் குழைத்து, ஊசியிலைத் தூரிகையால் பூசியிருக்கிறார்கள். சாய்த்தால் மினுமினுக்கிறது. தூரிகை ஓடிய கோடுகள் அப்படியே தெரிகின்றன. கருப்பு மூங்கில் இலைக் கரியிலிருந்து, மஞ்சள் ஒரு மரத்தின் பூமொட்டிலிருந்து, சிவப்பு செம்மண் கல்லிலிருந்து. நிறத்துக்கு ஒரு கட்டை. கடைசியில் கருப்புக் கோட்டுக் கட்டை விழும்போதுதான் கோழிக்குக் கண் வருகிறது.

இந்தத் தொழிலை விடாமல் வைத்திருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். ஊரின் மற்ற வீடுகளில் வேலை இல்லாமல் இல்லை. முன்னோருக்காக எரிக்கும் காகிதப் பொருள்கள் செய்கிறார்கள். காகிதக் குதிரை, காகித வீடு, காகித ஸ்கூட்டர். எரிந்துபோகிற பொருளுக்கு ஆண்டு முழுக்க ஆர்டர் வருகிறது, சுவரில் நிற்கிற படத்துக்கு வருவதில்லை. அச்சுக்காரர் இதை வருத்தமாகச் சொல்லவில்லை. தன் அண்டை வீட்டுக்காரர்கள் பட்டினி கிடக்காமல் இருப்பது நல்லதுதானே என்றார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. கோழிப் படம் ஒன்றும் எலிக் கல்யாணம் ஒன்றும் வாங்கினேன், இரண்டும் சேர்ந்து 2 லட்சம் டோங். அம்மா தன் பணத்தில் இன்னொரு கோழி வாங்கினார், தங்கைக்கு என்று.

திரும்பும் வழியில் சந்து அடைபட்டுக் கார் அரை மணி நேரம் நின்றது. சமையலறைத் தெய்வங்கள் வானுலகம் போகும், பன்னிரண்டாம் சந்திர மாதத்தின் இருபத்து மூன்றாம் நாள், நம் கணக்கில் ஜனவரி 22, நெருங்குகிறது. அவர்களுக்கான காகிதக் கிரீடங்களையும் ஏறிப் போகும் கெண்டை மீன்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஓட்டுநர் இறங்கிப் போய்த் தன் வீட்டுக்கு ஒரு தொகுப்பு வாங்கி வந்து அம்மாவின் மடியில் பத்திரமாக வைத்தார். ஹனோயில் இதற்கு இரண்டு மடங்கு கேட்பார்கள் என்று விரல்களைக் காட்டினார்.